பெங்களூரிலிருந்து பெலே அருங்காட்சியகத்துக்கு: தனி டூர் எடுத்துப் போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

அல்சூர் பக்கம் கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை இருக்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் நம்பமாட்டார்கள். அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா, அவர்களோடு ஒரு பிரேசில் கால்பந்துக்காரர். தெரு முழுக்கத் தமிழ், பையன்கள் காலில் பந்து, உலகக் கோப்பை வந்துவிட்டால் சுவரெல்லாம் மஞ்சளும் பச்சையும். அந்தப் பக்கத்து ஆட்களும் சரி, நம்மைப் போலச் சிறுவயதிலிருந்தே பெலே கதை கேட்டு வளர்ந்த மற்ற பெங்களூர்த் தமிழர்களும் சரி, "ஒரு தடவையாவது சான்டோஸ் போய்ப் பார்த்துட்டு வரணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். சான்டோஸ் என்பது அவர் ஆடிய பிரேசில் துறைமுக நகரம். நிஜமாகவே கிளம்புகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெலே அருங்காட்சியகத்தை மட்டும் பார்ப்பதற்காகப் பாதி உலகத்தைச் சுற்றிப் போகாதீர்கள், ஏமாந்துவிடுவீர்கள். நிதானமாகப் பார்த்தாலும் ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்து விஷயம் அது. ஆனால் அதே நாளில் அவர் பதினெட்டு வருஷம் ஆடிய மைதானம், அவரை வைத்திருக்கும் கல்லறை, பழைய காபிச் சந்தைக் கட்டடம், துறைமுகம், கடற்கரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும். தனி டூர் எடுப்பதே அதற்காகத்தான். எதற்கு எவ்வளவு நேரம், எது முதலில், எது கடைசியில் என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கும்.

எந்த அருங்காட்சியகம் என்று முதலில் தெளிவாகுங்கள்

டூர் விற்கிறவர்கள் 'பெலே டூர்' என்று நான்கு வெவ்வேறு இடங்களுக்கும் சொல்வார்கள். ஒன்று, சான்டோஸ் நகரின் வலோங்கோ பகுதியில் இருக்கும் மியூசியூ பெலே. நாம் தேடுவது இதுதான். 2014 உலகக் கோப்பை பிரேசிலில் நடந்துகொண்டிருந்தபோதே, ஜூன் 15ஆம் தேதி திறந்தார்கள். இரண்டாவது, விலா பெல்மிரோ ஸ்டேடியத்துக்குள் சான்டோஸ் கிளப் நடத்தும் சொந்த அருங்காட்சியகம். கிளப் ஜெயித்த கோப்பைகள் அங்கே இருக்கின்றன. மூன்றாவது, சாவோ பாலோவில் பகாயெம்பு ஸ்டேடியத்தின் கீழே 2008இல் திறந்த கால்பந்து அருங்காட்சியகம், அது பிரேசில் கால்பந்து முழுவதற்குமானது. நான்காவது, அவர் பிறந்த ட்ரேஸ் கொராசோயிஸ் ஊரில் அவர் வீட்டை அதே மாதிரி திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். அது மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் எங்கோ தூரத்தில் இருக்கிறது, ஒரு நாள் டூரில் சேராது. பணம் கட்டுவதற்கு முன்னால், போகும் இடங்களின் பெயரை ஒவ்வொன்றாக எழுத்தில் வாங்கிவிடுங்கள். சாவோ பாலோவில் மூன்றாவதைக் காட்டிவிட்டு வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொள்கிறவர்களும் உண்டு.

விசா, மஞ்சள் காய்ச்சல் ஊசி, விமானம்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு பிரேசில் விசா வேண்டும். டெல்லியில் தூதரகம், மும்பையில் துணைத் தூதரகம். உங்கள் முகவரி எதன் கீழ் வருகிறது, நேரில் போகவேண்டுமா, மையத்தில் கொடுத்தால் போதுமா என்பதை விண்ணப்பிக்கும் அன்றைக்கு அவர்கள் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். போன வருஷம் போய்வந்த நண்பர் சொன்னதை நம்பி இறங்காதீர்கள், இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். டூர் புக் செய்த ரசீதும் ஓட்டல் புக்கிங்கும் விண்ணப்பத்தில் வைக்க உதவும். ஆனால் விசா கைக்கு வருவதற்கு முன் திரும்பக் கிடைக்காத பணம் எதையும் கட்டவேண்டாம்.

விசாவைவிட ஆட்கள் அதிகம் கோட்டை விடும் இடம் மஞ்சள் காய்ச்சல் ஊசி. பிரேசில் அந்த நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து திரும்பும்போது சான்றிதழ் கையில் இல்லையென்றால் இந்தியாவில் இறங்கியதும் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இடம் தருகிறது. ஊசி போட்டு பத்து நாள் ஆனால்தான் சான்றிதழ் செல்லும், ஆகவே கிளம்புவதற்கு முந்தின வாரம் ஓடிப் பிரயோஜனமில்லை. தெருமுனை கிளினிக்கில் போட்டுக்கொண்டால் செல்லாது, மத்திய சுகாதார அமைச்சகம் அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடவேண்டும். பெங்களூரிலேயே அப்படிப்பட்ட மையங்கள் இருக்கின்றன, முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் அறுபது தாண்டியவர்களும் முதலில் டாக்டரிடம் பேசுங்கள். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிற திட்டமென்றால் இதைத்தான் முதலில் முடிக்கவேண்டும், டிக்கெட் எல்லாம் அப்புறம்.

பெங்களூரிலிருந்து நேர் விமானம் கிடையாது. துபாய், தோஹா, அடிஸ் அபாபா, இல்லையென்றால் ஐரோப்பா வழி. எப்படிப் போனாலும் ஒரு நாள் காலி. நமக்கும் சாவோ பாலோவுக்கும் எட்டரை மணி நேர வித்தியாசம், அவர்கள் பின்னால் இருக்கிறார்கள். இறங்கின மறுநாளே டூர் வைக்காதீர்கள். கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுகொண்டே தூங்கி வழிவீர்கள்.

தேதியைத் தேர்ந்தெடுப்பது

திங்கள்கிழமை வேண்டாம். அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. சான்டோஸ் கிளப்புக்கு விலா பெல்மிரோவில் மேட்ச் இருக்கும் நாளும் வேண்டாம், உள்ளே சுற்றிப் பார்க்கும் ஏற்பாடு அன்று சிக்கலாகும். மேட்ச் பார்ப்பதுதான் ஆசை என்றால் அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். பிரேசிலின் நீண்ட வார இறுதிகளில் சாவோ பாலோவே கடற்கரைக்கு இறங்கும், நெடுஞ்சாலையில் எதிர்த்திசை வழித்தடங்களையும் சேர்த்துத் திறந்துவிடுகிற அளவுக்குக் கூட்டம். செவ்வாயிலிருந்து வியாழன் வரை நல்லது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வெயிலும் மழையும் சேர்ந்து அடிக்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் நம் பெங்களூர் வாசிகளுக்கு இதமாக இருக்கும்.

டூரை எப்படிப் பேசி முடிப்பது

சாவோ பாலோவிலிருந்து கார், டிரைவர், ஆங்கிலம் பேசும் கைடு, முழு நாள் என்பதுதான் வழக்கமான தனி டூர். விலை பெரும்பாலும் வண்டிக்குத்தான், தலைக்கு இல்லை. அதனால் இரண்டு பேராகப் போவதைவிட நான்கு பேராகப் போனால் கணக்கு கட்டுப்படியாகும். டிரைவரே கைடாக வருகிறாரா, இருவரும் தனித்தனி ஆளா என்று கேளுங்கள். ஒரே ஆள் என்றால் அவர் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் உள்ளே தனியாக போர்ச்சுகீசிய எழுத்துகளை வெறித்துக்கொண்டிருப்பீர்கள். பிரேசிலில் கைடுகள் சுற்றுலா அமைச்சகத்தின் கடாஸ்தூர் பதிவில் இருக்கவேண்டும், அந்தப் பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை.

நுழைவுச் சீட்டுகள், ஸ்டேடியம் உள்சுற்று, சுங்கம், பார்க்கிங், கைடின் சாப்பாடு, இதில் எதெல்லாம் விலைக்குள் அடக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாட்ஸ்அப்பில் பதில் வாங்கி வையுங்கள். எங்களுக்கு முதலில் விலை சொன்ன ஏஜென்ட் ஒருவர், ஸ்டேடியம் தனி என்பதைப் பணம் அனுப்பச் சொல்லும்போதுதான் வாயைத் திறந்து சொன்னார். விட்டுவிட்டு வேறு ஆளைப் பிடித்தோம்.

இன்னொரு கேள்வியும் கேட்டுவிடுங்கள், எனக்கு இதுதான் முக்கியம்: "நீங்கள் கால்பந்து பார்ப்பீர்களா?" ஊர் சுற்றிக் காட்டும் நல்ல கைடாக இருப்பார், காபி, துறைமுகம், கட்டடக்கலை எல்லாம் அருமையாகச் சொல்வார், ஆனால் 1962 உலகக் கோப்பைக்கும் 1970 உலகக் கோப்பைக்கும் வித்தியாசம் தெரியாது. அப்படிப்பட்டவர் இந்த நாளுக்கு ஒத்துவரமாட்டார். கால்பந்துப் பைத்தியமாக ஒருவர் வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் ஏற்பாடு செய்கிறார்கள்.

குழுவில் ஆங்கிலம் சரளமில்லாத பெரியவர்கள் இருந்தால், இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தமிழில் சொல்லப் போகிறோம் என்று கைடிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. தனி டூர் என்பதால் பின்னால் வேறு குழு இடித்துக்கொண்டு நிற்கப் போவதுமில்லை.

போவதற்கு முன் தெரிந்துகொண்டு போகவேண்டியவை

இதைத் தவிர்க்காதீர்கள். அருங்காட்சியகத்தில் இருப்பவை சட்டைகள், பூட்ஸ்கள், கோப்பைகள், புகைப்படங்கள், காகிதங்கள். கதை தெரியாமல் பார்த்தால் அது பழைய துணிக்கடைதான். ஒரு சாயங்காலம் ஒதுக்கினால் போதும்.

1940 அக்டோபர் 23 பிறப்பு, வளர்ந்தது பவுரு என்ற ஊரில். அப்பா தோந்தின்யோவும் கால்பந்து ஆடியவர், முழங்கால் அடியால் பெரிதாக வரமுடியவில்லை. 1950 உலகக் கோப்பையில் சொந்த மண்ணில் உருகுவேயிடம் 2-1 என்று பிரேசில் தோற்ற அன்று அப்பா அழுததைப் பார்த்த ஒன்பது வயதுப் பையன், நான் உனக்கு உலகக் கோப்பை ஜெயித்துத் தருகிறேன் என்றான். சினிமா வசனம் மாதிரி இருக்கும், ஆனால் எட்டே வருஷத்தில் அது நடந்துவிட்டது. 1958 ஸ்வீடன், வயது பதினேழு, அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக மூன்று கோல், இறுதியில் 5-2 வெற்றியில் இரண்டு கோல். ஸ்வீடனும் மஞ்சள் சட்டை என்பதால் பிரேசில் அன்று நீலத்தில் ஆடியது, சட்டையை அங்கேயே கடையில் வாங்கிச் சின்னத்தைத் தைத்துக்கொண்டார்கள். பத்தாம் எண் அவருக்கு வந்ததும் தற்செயல்தான். பிரேசில் அணி எண்களைக் கொடுக்கவில்லை, போட்டி நடத்தியவர்கள் தாங்களாகப் போட்ட எண் அது. இன்றைக்கு உலகம் முழுக்க அந்த எண்ணுக்கு அடிதடி!

1962இல் இரண்டாவது மேட்சிலேயே காயம், ஆனாலும் கோப்பை பிரேசிலுக்கு. அதே 1962, 63 இரண்டு வருஷமும் சான்டோஸ் கிளப் தென்னமெரிக்கக் கோப்பையும் கண்டங்களுக்கு இடையிலான கோப்பையும் தூக்கியது. 1969 நவம்பர் 19, ரியோவின் மரக்கானா ஸ்டேடியத்தில் வாஸ்கோ கிளப்புக்கு எதிராகப் பெனால்டி, அது ஆயிரமாவது கோல். 1970இல் மெக்சிகோ, இறுதியில் இத்தாலிக்கு எதிராக 4-1 வெற்றி. ஆடிய 1363 ஆட்டங்களில் 1279 கோல் என்பது கின்னஸ் கணக்கு. அதில் நட்பு ஆட்டங்களும் அடக்கம் என்பதால் சண்டை இன்னும் ஓயவில்லை. கைடிடம் இந்தச் சண்டையைக் கிளப்பிவிட்டுப் பாருங்கள், கார் பயணம் போவதே தெரியாது.

நம் பக்கத்துச் சரக்கும் ஒன்று எடுத்துப் போங்கள். 1977 செப்டம்பர் 24, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ், நியூயார்க் காஸ்மோஸ் அணிக்காக பெலே, எதிரே மோகன் பகான், ஆட்டம் 2-2 டிரா. அடுத்த ஒரே வாரத்தில், அக்டோபர் 1ஆம் தேதி, அவர் கடைசி ஆட்டம். காஸ்மோஸுக்கும் சான்டோஸுக்கும் நடந்த அந்த ஆட்டத்தில் பாதி நேரம் இந்தப் பக்கம், பாதி நேரம் அந்தப் பக்கம் ஆடினார். கொல்கத்தா கதையைச் சொன்னதும் எங்கள் கைடு குறிப்பு எடுத்துக்கொண்டார்.

அந்த நாள்

காலை எட்டு மணிக்கெல்லாம் சாவோ பாலோவை விட்டுக் கிளம்பிவிடுங்கள். எழுபது எண்பது கிலோமீட்டர்தான், ஆனால் சாவோ பாலோ ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சான்டோஸ் கடல் மட்டத்தில். நடுவே செர்ரா தோ மார் மலை. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவது மாதிரி காடு, மூடுபனி, காது அடைப்பு எல்லாம் உண்டு, கொண்டை ஊசிகளுக்குப் பதில் சுரங்கமும் பாலமும். பனி அதிகமானால் வண்டிகளை மெதுவாக அனுப்புவார்கள், அதற்கு ஒரு அரைமணி கூட வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அருங்காட்சியகம். கட்டடமே ஒரு கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டு மாளிகைகள், ஒரு காலத்தில் நகராட்சி அலுவலகமாக இருந்தவை, பின்னால் தீப்பிடித்து வெறும் சுவராக நின்றவை. பெலேவுக்காக மீட்டுக் கட்டினார்கள். உள்ளே போனதும் பெரிய படங்களிலும் கோப்பைகளிலும் மயங்கி நின்றுவிடாமல், ஷூ பாலீஷ் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். பவுருவில் சின்னப் பையனாக அவர் செருப்புத் துடைத்துக் காசு சேர்த்த பெட்டி. மரப்பெட்டி, அவ்வளவுதான். கூடவே வந்த என் மாமா ரயில்வேயில் வேலை பார்த்தவர், அதன் முன்னால் நின்ற நேரத்தில் பாதிகூட, பழைய உலகக் கோப்பையான ஜூல் ரிமே கோப்பைப் படத்தின் முன்னால் நிற்கவில்லை. "கன்டோன்மென்ட் ஸ்டேஷன்ல இதே மாதிரி பெட்டி எத்தனை பார்த்திருக்கேன்டா" என்றார்.

எல்லாமே இங்கே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2016இல் லண்டனில் அவருடைய பொருட்கள் ஏராளமாக ஏலம் போயின, பதக்கங்கள் உட்பட. "அது எங்கே, இது எங்கே" என்று தேடி அலையாமல் இருப்பதை நன்றாகப் பாருங்கள். விளக்கப் பலகைகளில் போர்ச்சுகீசியம்தான் அதிகம், கைடுக்கு இங்கேதான் வேலை. ஃப்ளாஷ் வேண்டாம். கடைசியில் ஒரு பதினைந்து நிமிஷம் கைடை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு நீங்கள் மட்டும் ஒரு சுற்று திரும்ப வாருங்கள். தனி டூரில் இதைக் கேட்கலாம், பலருக்குக் கேட்கத் தோன்றுவதில்லை.

வெளியே வந்தால் பக்கத்திலேயே 1867இல் திறந்த பழைய ரயில் நிலையம். சாவோ பாலோ மலை மேலிருந்து காபி மூட்டைகள் இறங்கியது இந்தப் பாதையில்தான். அங்கிருந்து பழைய டிராம் ஒன்று சுற்றுலாவுக்காக ஓடுகிறது, குழந்தைகள் இருந்தால் ஏறுங்கள். கொஞ்ச தூரத்தில் காபி அருங்காட்சியகம், 1922இல் திறந்த காபிச் சந்தைக் கட்டடம். வியாபாரிகள் உட்கார்ந்த நாற்காலிகளை வட்டமாக அப்படியே வைத்திருக்கிறார்கள். காபி குடியுங்கள், பால் கேட்காதீர்கள். சிக்கரி கலந்து டிகாக்ஷன் போட்டுப் பழகிய நாக்குக்கு முதல் வாய் கொஞ்சம் அன்னியமாகத்தான் இருக்கும்.

வலோங்கோவில் துறைமுகத்தை ஒட்டிய தெருக்கள் சில இன்னும் பாழடைந்துதான் கிடக்கின்றன. பகலில், கைடோடு, பெரிய தெருக்களில் மட்டும் நடங்கள். செல்போனைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்கவேண்டாம்.

சாப்பாட்டுக்கு எடை போட்டு விற்கும் கடைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். தட்டில் வேண்டியதை எடுத்து எடைக்குக் காசு கொடுக்கும் முறை, சைவக்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி அங்கே இல்லை. சோறு, கீரை, கிழங்கு எல்லாம் கிடைக்கும். பயறு குழம்பில் பன்றி இறைச்சி போட்டிருப்பார்கள், கேட்டுவிட்டு எடுங்கள். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கோழியும் ஹாமும் இறைச்சிக் கணக்கில் வராது, அதனால் கோழி, மீன், ஹாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். பாவோ தே கேய்ஜோ என்ற சீஸ் உருண்டையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைச் சமாளிக்கும்.

மதியத்துக்குமேல் விலா பெல்மிரோ. 1916இல் திறந்த ஸ்டேடியம், குடியிருப்புத் தெருக்களுக்கு நடுவே சொருகி வைத்த மாதிரி இருக்கும். டிவியில் பார்த்த பிரம்மாண்டத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், ஏனென்றால் பதினாறாயிரம் பேர் அளவுக்குத்தான் இடம். எனக்கு அதுதான் பிடித்தது. நம் அசோக் நகர் கால்பந்து ஸ்டேடியத்தில் கம்பி ஓரம் நின்று ஆட்டம் பார்த்தவர்களுக்கு இங்கே கால் வைத்ததும் பழகிய இடம் போலத் தெரியும். உடைமாற்றும் அறையில் பெலேவின் லாக்கரைக் காட்டுவார்கள். 1974இல் கிளப்பை விட்டுப் போனதிலிருந்து அது திறக்கப்படவே இல்லை என்கிறார்கள். கிளப்பின் கோப்பைக் கூடத்தையும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஸ்டேடியத்துக்கு எதிரே அவருக்கு முடிவெட்டிய சலூனையும் கைடு காட்டுவார்.

அடுத்தது கல்லறை, காரில் சில நிமிஷம். உலகிலேயே உயரமான கல்லறைக் கட்டடம் என்று பெயர் வாங்கிய பல மாடிக் கட்டடம். பெலே 2022 டிசம்பர் 29இல் இறந்தார், மைதானத்தின் நடுவே ஒரு நாள் முழுக்க உடலை வைத்திருந்துவிட்டு இங்கே கொண்டுவந்தார்கள். அப்பா ஆடிய ஒன்பதாம் எண்ணை நினைத்து ஒன்பதாம் மாடியில் இடம் வாங்கியிருந்தார், கடைசியில் முதல் மாடியில் தனி மண்டபமே கட்டிவிட்டார்கள். வாசலில் தங்க நிறத்தில் இரண்டு பெலேக்கள், தரையில் செயற்கைப் புல், சுற்றுச்சுவரில் ரசிகர் கூட்டம், நடுவே தங்க நிறப் பேழை. சிலருக்கு அதிகப்படியாகத் தெரியலாம். சமாதிகளுக்கு நாம் செய்கிற அலங்காரத்தைப் பார்த்தவர்களுக்கு அப்படியொன்றும் தெரியாது. முன்பதிவு செய்துதான் விடுவார்கள், டூர் பேசும்போதே கைடை முடிக்கச் சொல்லுங்கள். வேறு குடும்பங்களும் தங்கள் வீட்டு ஆட்களைப் பார்க்க வரும் இடம், சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் கடற்கரை. ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளும் தோட்டம் கரையோரமாகவே போகிறது. நேரம் இல்லையென்றால் இதை வெட்டுங்கள், ஸ்டேடியத்தை வெட்டாதீர்கள்.

காசு, திரும்பி வருவது

ரூபாயை அங்கே யாரும் மாற்றித் தரமாட்டார்கள். டாலர் ஃபாரெக்ஸ் கார்டு எடுத்துக்கொண்டு, கொஞ்சம் பிரேசில் பணமான ரியால் கையில் வையுங்கள். கார்டு எல்லா இடத்திலும் ஓடும். உள்ளூர்க்காரர்கள் நம் யுபிஐ மாதிரி பிக்ஸ் என்று ஒன்றில் கட்டிவிட்டுப் போவார்கள், அது நமக்கு ஆகாது. உணவகப் பில்லில் பத்து சதவீதம் சேவைக்கென்று சேர்த்தே வரும், மேலே தனியாக வைக்கவேண்டியதில்லை. கைடுக்கும் டிரைவருக்கும் கொடுப்பது உங்கள் மனசு.

ஜெர்சி வாங்குவதென்றால் ஸ்டேடியத்திலேயே இருக்கும் கிளப் கடையில் வாங்குங்கள், வெளியில் மலிவாகக் கிடைப்பது சிவாஜி நகரிலும் கிடைக்கும். திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் அட்டையைப் பெட்டியில் போட்டு செக்-இன் செய்துவிடாதீர்கள். கெம்பேகவுடா விமான நிலையத்தில் குடியேற்ற வரிசைக்கு முன்னாலேயே சுகாதாரக் கவுன்டரில் கேட்பார்கள், பாஸ்போர்ட்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுக் கையிலேயே வைத்திருங்கள்.